ஆடுகளங்களின் அரசியல்: பிலிப்பைன்ஸின் மைதானங்களும் உல்லாசப் பயணத் தலங்களும் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் நிலவுடைமை, வரி, தொழிற்சாலை, கிளர்ச்சி ஆகியவற்றை நோக்கும் அளவுக்கு விளையாட்டு மைதானங்களையும் பூங்காக்களையும் உல்லாசப் பயணிகள் கூடும் இடங்களையும் நோக்குவதில்லை. ஓய்வும் கேளிக்கையும் வரலாற்றுக்குப் புறம்பானவை என்ற எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. ஆயின் ஓய்வு என்பது உழைப்பின் மறுபக்கமாகும். வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயமொன்றிலே ஒருவரது ஓய்வுக்கு வேண்டிய நேரமும் இடமும் பெரும்பாலும் இன்னொருவரது உழைப்பிலிருந்தும் நிலத்திலிருந்துமே பெறப்படுகின்றன. ஆதலின் ஒரு நாட்டின் கேளிக்கையிடங்களை நோக்கி நாம் நான்கு எளிய வினாக்களை எழுப்பலாம். அவ்விடத்தைக் கட்டியோர் யார்? அதற்காக அகற்றப்பட்டோர் யார்? அங்கு பார்வையாளராக அமர்ந்தோர் யார்? காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டோர் யார்?

இவ்வினாக்களுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாறு தரும் விடைகள் மிகத் தெளிவானவை. 1565 முதல் 1898 வரை ஸ்பானியராட்சியிலும், பின்னர் 1946 வரை, இடையே யப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் நீங்கலாக, அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கீழும் இருந்த அந்நாட்டிலே, ஆட்சியாளர் ஒவ்வொருவரும் தமக்கேற்ற ஆடுகளங்களை அமைத்தனர். அவற்றைக் கட்டியதோடு அவற்றின் பொருளையும் தாமே நிருணயித்துவிட்டதாக அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் மீண்டும் மீண்டும் பொய்த்தமையே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

சேவற்போர் அத்தீவுகளிலே ஸ்பானியர் வருகைக்கு முற்பட்டது. 1521இல் மகெல்லனின் கப்பற்படையுடன் வந்த பிகஃபெற்றா தமது பயணக் குறிப்பிலே அதனைப் பதிந்துள்ளார். கிராமிய வழக்கமாயிருந்த இதனைக் குடியேற்ற அரசு வருவாய்த் துறையாக்கியது. சேவற்களங்களை நடத்தும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. உழவனின் பந்தயப் பணத்தில் ஒரு பங்கு அரசின் கருவூலத்தைச் சென்றடைந்தது. சூதாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கிப்பதும் அதன்மீது வரி வாங்குவதும் ஒரே ஆட்சியின் இரு கைகளாயிருந்தன.

பிலிப்பைன்ஸ் தேசிய இலக்கியத்தின் முதன்மையாசிரியரான ஜோசே றிசால், 1887இல் பேர்லினில் வெளியிட்ட 'நோலி மெ தான்ஹெரே' என்னும் நாவலிலே ஓர் அதிகாரத்தைச் சேவற்களத்துக்கு ஒதுக்கியமை மனங்கொள்ளத்தக்கது. சீனத்துக்கு அபின் எவ்வாறோ அவ்வாறே தம் மக்களுக்குச் சேவற்களம் என்பது அவரது கருத்து. எனினும் கலைஞன் என்ற வகையில் அவர் சீர்திருத்தவாதியின் கண்டனத்தோடு நின்றுவிடவில்லை. ஸ்பானியக் காவற்படையினரால் அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் இரு புதல்வர்கள் அக்களத்திலே பந்தயங்கட்டப் பணமின்றி நிற்கின்றனர். காவலரண் மீதான தாக்குதலிற் சேர்ந்தால் பணந் தருவதாக ஒருவன் அங்கேயே அவர்களை அணுகுகின்றான். கேளிக்கைக் களம், கடன், பழிவாங்கும் ஆவேசம், அரசியற் சதி ஆகிய யாவும் ஓரிடத்திலே பின்னிப்பிணைவதை றிசால் கண்டுகாட்டியுள்ளார்.

மணிலா நகரின் மதிலுக்கு வெளியே கடலோரமாக அமைந்த பாகும்பாயான் வெளியும் அத்தகையதே. தகாலொக் மொழியிற் பாகும்பாயான் என்பது 'புதிய ஊர்' எனப் பொருள்படும். நம் ஊர்ப்பெயர் மரபிற் புத்தூர் எனலாம். அதனையடுத்த லூனெற்றா, மாலை வேளைகளில் ஸ்பானிய உயர்குழாத்தினர் குதிரை வண்டிகளில் உலாவரும் இடம். அதே வெளிதான் கொலைக்களமாகவும் விளங்கியது. 1872 பெப்ரவரி 17இல் கோமெஸ், பூர்கோஸ், சமோரா என்னும் மூன்று குருமார் அங்கு கொல்லப்பட்டனர். 1896 டிசெம்பர் 30இல் றிசால் அங்கு சுட்டுக்கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 35. உலாவும் இடமும் கொல்லும் இடமும் ஒன்றாயிருந்தமை தற்செயலானதன்று. இரண்டும் பார்வையாளரை வேண்டுவன. ஆளுவோர் யாரென்பதைப் பொதுவிடத்திலே காட்டுவன. ஆயினும் ஆட்சியாளர் அச்சுறுத்தத் தெரிந்தெடுத்த வெளியையே மக்கள் தமது தேசத்தின் புனிதத் தலமாக்கினர். றிசாலின் பூதவுடலின் எச்சங்கள் வைக்கப்பட்ட நினைவுச்சின்னம் 1913இல் அங்கு திறந்துவைக்கப்பட்டது. 1946 யூலை 4இல் சுதந்திரப் பிரகடனமும் அவ்வெளியிலேயே நிகழ்ந்தது.

3

அமெரிக்கர் தமது ஆட்சியைக் கல்வி, சுகாதாரம், விளையாட்டு என்பவற்றின் பெயரால் நியாயப்படுத்தினர். ஆயின் அவர்கள் பிலிப்பினோ மக்களை விளையாட்டோடு தொடர்புபடுத்திய முதற் பெருநிகழ்ச்சி பிலிப்பைன்ஸில் நிகழவில்லை. 1904இல் ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பினோக்கள் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுக்கென அமைக்கப்பட்ட 'கிராமங்களிற்' குடியமர்த்தப்பட்டனர். பார்வையாளர் அவர்களை வேடிக்கை பார்த்தனர். அவ்வாண்டின் ஒலிம்பிக் போட்டியும் அந்நகரிலேயே நடைபெற்றது. அதனோடொட்டி ஓகஸ்ட் மாதத்தில் 'மானிடவியல் நாட்கள்' என்ற பெயரிலே, கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த பல இனத்தவரையும் முறையான பயிற்சியின்றி ஓடவும் எறியவும் விட்டு, அவர்கள் பெற்ற குறைந்த பெறுபேறுகளை இனத்தாழ்வுக்குச் சான்றாகக் காட்டினர். இங்கு ஆடுவோரே காட்சிப்பொருளாயினர். விஞ்ஞானம், விளையாட்டு, வணிகம் ஆகிய மூன்றும் ஏகாதிபத்தியத்தின் பணியில் ஒன்றுகூடிய அரிய தருணம் அது.

அதே காலப்பகுதியில் வடக்கு லூசொன் மலைப்பகுதியிலே பாகியோ நகர் உருவாகியது. இந்தியாவில் ஆங்கிலேயர் சிம்லாவை அமைத்தமை போன்று, வெப்பம் தாளாத அமெரிக்க அதிகாரிகள் 1903இல் பாகியோவைக் கோடைகாலத் தலைநகராக்கினர். சிக்காகோவின் கட்டடக்கலைஞர் டானியல் பேர்ணாம் அதன் நகரத் திட்டத்தை வரைந்தார். அங்கு செல்லும் பெங்கெற் வீதியைப் பிலிப்பினோ, யப்பானிய, சீனத் தொழிலாளர் முதலிய பல தேசத்தவர் மலையைக் குடைந்து அமைத்தனர். நோயாலும் நிலச்சரிவாலும் அவர்களுட் பலர் மாண்டனர். அவ்வீதி இன்று பொறியியலாளரான கெனன் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அகற்றப்பட்டோர் யார் என்ற வினாவுக்குப் பாகியோ தரும் விடை சட்ட வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. அம்மலைகள் இபலோய் மக்களின் மேய்ச்சல் நிலங்களாயிருந்தன. அவர்களின் தலைவருள் ஒருவரான மத்தேயோ கரினோ தமது நிலத்தைப் பதிவுசெய்யுமாறு கோரித் தொடுத்த வழக்கு, பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்களில் தோல்வியுற்று, ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது. நினைவுக்கெட்டாத காலந்தொட்டுத் தனியுரிமையாக அனுபவிக்கப்பட்டுவந்த நிலம் அரச நிலமாக என்றுமே இருந்ததில்லை எனக் கருதப்பட வேண்டும் என 1909 பெப்ரவரி 23இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக் கிடைத்தது, நிலம் மீளவில்லை. இபலோய் மேய்ச்சல் வெளிகளின்மீது ஜோன் ஹே முகாம் என்னும் இராணுவ ஓய்வுத்தளமும் மாளிகைகளும் கொல்ஃப் மைதானமும் எழுந்தன. பழங்குடியினரின் நிலவுரிமையை அங்கீகரித்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அத்தீர்ப்பே கருத்தடிப்படையாயிற்று என்பதை நோக்குமிடத்து, தோற்றவரின் வழக்கும் வரலாற்றில் வீண்போவதில்லை எனலாம்.

நிலம் இழந்தோர் பின்னர் அந்நிலத்தின் அலங்காரமாயினர். காலோஸ் புலோசானின் 'அமெரிக்கா இதயத்தில் உள்ளது' (1946) என்னும் தன்வரலாற்றுச் சார்பான நூலிலே இதற்கொரு சான்றுண்டு. வறுமையால் பாகியோச் சந்தைக்கு வந்த உழவர் சிறுவனை ஓர் அமெரிக்க மாது தன் கமராவின் முன் ஆடை களையச் சொல்லிச் சில சதங்களைக் கொடுக்கிறாள். உல்லாசப் பயணிகள் காண விரும்புவது நாகரிகமற்ற மனிதனை என்பதை அறிந்துகொண்ட சிறுவன், கமராவைக் கண்டபோதெல்லாம் தன்னை வேண்டுமென்றே விகாரமாக்கிக்கொண்டு நின்று பிழைக்கின்றான். சென் லூயிஸில் அரசு செய்ததைப் பாகியோவிற் சந்தை செய்தது. உல்லாசப் பயணத்துறையின் பொருளாதாரத்தை இதனினும் சுருக்கமாக விளக்கிய இலக்கியப் பகுதியை நாம் அறியோம்.

4

சேவற்போரின் இடத்திலே பேஸ்போல் ஆட்டத்தை வைப்பது குடியேற்ற அதிகாரிகளின் வெளிப்படையான திட்டமாயிருந்தது. 1910இல் மணிலா வந்த கிறிஸ்தவ வாலிபர் சங்க உடற்பயிற்சி நெறியாளர் எல்வூட் பிரவுண் இதில் முன்னின்றார். கரப்பந்தாட்டம் நாடெங்கும் பரவியது. 1913இல் பிலிப்பைன்ஸ், சீனம், யப்பான் ஆகிய நாடுகள் பங்குபற்றிய முதலாவது தூரகிழக்கு விளையாட்டுப் போட்டி மணிலாவில் நடைபெற்றது. ஒழுங்கு, கூட்டு முயற்சி, நடுவரின் தீர்ப்புக்குப் பணிதல் என்பன இவ்வாட்டங்கள் வாயிலாகப் புகட்டப்படும் எனக் கூறப்பட்டது. நடுவர் யார் என்ற வினா மட்டும் எழுப்பப்படவில்லை.

ஆட்டத்தில் சமத்துவம் போதித்தோர் தமது கழகங்களில் அதனைக் கடைப்பிடிக்கவில்லை. ஆளுநர் நாயகம் ஃபோர்ப்ஸ் 1909இல் நிறுவிய மணிலா போலோக் கழகத்தில், 1930களின் பிற்பகுதியிலும் ஜனாதிபதி கெசோனின் உதவியாளர் ஒருவருக்கு அங்கத்துவம் மறுக்கப்பட்டது. அவரைப் பிரேரித்த எலிசால்டே சகோதரர் விலகிச்சென்று இன்னொரு போலோக் கழகத்தை நிறுவினர். குடியேற்ற நாட்டு மேற்குடியின் தேசியவாதம் எத்தகையது என்பதை இச்சம்பவம் துலக்குகின்றது. மூடிய கதவை உடைப்பது அதன் நோக்கமன்று. தனக்கென இன்னொரு கதவை அமைத்துக்கொள்வதே நோக்கம்.

பொதுமக்களுக்கான பெரும் மைதானம் 1934இலேயே எழுந்தது. பத்தாவது தூரகிழக்குப் போட்டிக்காக, முன்னர் கானிவல் களியாட்டம் நடைபெற்ற நிலத்திலே, றிசால் நினைவு விளையாட்டுத் தொகுதி அமைக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பத்தாண்டுத் தவணை கூறிய ரைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டே. அச்சட்டம் ஐக்கிய அமெரிக்காவுக்குட் புகக்கூடிய பிலிப்பினோக்களின் தொகையை ஆண்டுக்கு 50 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு டிசெம்பரில் பேப் றூத் முதலான அமெரிக்க ஆட்டக்காரர் மணிலா வந்து அம்மைதானத்தில் ஆடிச்சென்றனர். ஆட்டக்காரர் தடையின்றி வரலாம், தொழிலாளி போகலாகாது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மணிலாவைச் சூழ்ந்த மாகாணங்களில் சக்தாலிஸ்தா உழவர் எழுச்சி வெடித்தது. 1945 பெப்ரவரியில் மணிலாவுக்கான போரில் யப்பானியப் படை அம்மைதானத்தை அரணாக்கியது; பார்வையாளர் வரிசைகளிலே போர் நிகழ்ந்தது. ஏறத்தாழ ஓரிலட்சம் பொதுமக்கள் அந்நகரில் மாண்டனர். மீளமைக்கப்பட்ட அவ்வரங்கிலேயே 1954இல் இரண்டாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது.

5

சுதந்திரத்தின் பின் தனியார் மூலதனம் களத்திலே புகுந்தது. கெசோன் நகரின் கூபாவோப் பகுதியில், அறனெற்றா குடும்பத்துக்குரிய நிலத்தில், பெருங் குவிமாடங் கொண்ட அறனெற்றா கொலோசியம் 1960 மார்ச்சில் திறக்கப்பட்டது. தொடக்க நாளிலே அங்கு கேப்ரியல் எலோர்டே உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றார். வறுமையினின்று கையுறையின் வலிமையால் மேலெழும் வீரன் என்ற படிமம் அன்று தொடங்கி இன்றுவரை அந்நாட்டு ஏழை இளைஞரின் கனவை ஆண்டுவருகின்றது.

1972 செப்ரெம்பரில் பேர்டினன்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்த பின்னர், கேளிக்கை அரசியலின் நேரடிக் கருவியாகியது. மணிலாக் குடாவில் மண் நிரப்பிப் பெறப்பட்ட நிலத்தில் 1969இலேயே பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டிருந்தது. 1974இல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்காக அதனருகே நாட்டார் கலையரங்கு 77 நாட்களிற் கட்டிமுடிக்கப்பட்டது. 1976இல் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் மணிலாவிற் கூடியபொழுது, மாநாட்டு மண்டபமும் அரச நிதி நிறுவனங்களின் கடனுதவியோடு பதினான்கு உயர்தர விடுதிகளும் எழுந்தன. விருந்தினர் செல்லும் வீதிகளின் இருமருங்கும் சேரிகள் அகற்றப்பட்டன. அகற்ற இயலாதவை வெள்ளையடித்த வேலிகளால் மறைக்கப்பட்டன. புறம்போக்கிற் குடியிருத்தலைக் குற்றமாக்கும் 772ஆம் இலக்க ஆணை 1975 ஓகஸ்டிலேயே பிறப்பிக்கப்பட்டிருந்தது.

அந்த 1975ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. ஒக்ரோபர் 1ஆந் திகதி காலையில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் அறனெற்றா கொலோசியத்திலே மோதினர். அமெரிக்கத் தொலைக்காட்சி நேயரின் மாலைப் பொழுதுக்கு ஏற்பவே மணிலாவின் காலைப் பொழுது தெரிந்தெடுக்கப்பட்டது. போட்டிக்காக அரங்கம் பிலிப்பைன் கொலோசியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. பதினான்கு சுற்றுகளின் பின்னர் பிரேசியரின் பயிற்சியாளர் போட்டியை நிறுத்தினார். இராணுவச் சட்டத்தின் கீழ் நாடு அமைதியாயும் வளமாயும் உள்ளதென்ற செய்தியை உலகின் கண்முன் வைப்பதே மார்க்கோஸின் நோக்கமாயிருந்தது.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஒக்ரோபர் 24இல் மணிலாவின் தொண்டோப் பகுதியிலுள்ள லா தொண்டெஞா மதுவடிசாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இராணுவச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்த முதலாவது பெரும் வேலைநிறுத்தம் இதுவே. நவம்பர் 3இல் வேலைநிறுத்தங்கள் அனைத்தையும் தடைசெய்யும் 823ஆம் இலக்க ஆணை வெளியாகியது. உலகம் முதல் நிகழ்ச்சியை நினைவுகூர்கின்றது. பிலிப்பைன்ஸ் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றிலே இரண்டாவதே திருப்புமுனையாகும்.

அதே ஆண்டில் லீனோ புறொக்கா நெறிப்படுத்திய 'ஒளியின் நகங்களில் மணிலா' என்னும் திரைப்படமும் வெளிவந்தது. எட்கார்டோ றேயெஸ் எழுதி, லிவாய்வாய் வாரஇதழில் 1960களில் தொடராக வந்த நாவலைத் தழுவியது அது. கிராமத்து மீனவ இளைஞன் ஒருவன் மணிலாவிற் கட்டடத் தொழிலாளியாகின்றான். சம்பளப் பட்டியலிற் கையொப்பமிடும் தொகை வேறு, கையிற் பெறும் தொகை வேறு. சகதொழிலாளி ஒருவன் உயரத்திலிருந்து விழுந்து மாண்டபின்னும் வேலை தொடர்கின்றது. பெருங் கட்டடங்களின் யுகத்திலே, அவற்றைக் கட்டியோர் யார் என்ற வினாவை அரசறிக்கைகள் தவிர்த்தபோது கலை அதனை எழுப்பிற்று.

ஆறாண்டுகளின் பின் வாழ்க்கை அக்கலையைக் கொடூரமாக மெய்ப்பித்தது. 1982 சனவரித் திரைப்பட விழாவுக்கென இரவுபகலாகக் கட்டப்பட்ட மணிலாத் திரைப்பட நிலையத்தில், 1981 நவம்பர் 17ஆந் திகதி அதிகாலை சாரம் சரிந்து, தொழிலாளர் ஈரக் கொங்கிறீற்றிலே புதையுண்டனர். மீட்புப் பணியாளரும் பத்திரிகையாளரும் பல மணிநேரம் உட்புகவிடப்படவில்லை. மாண்டோரின் தொகை இன்றுவரை சர்ச்சைக்குரியதாகவே உள்ளது. விழா குறித்த மாதத்திலே தொடங்கியது. கிரேக்கத்துப் பார்த்தெனன் ஆலயத்தின் சாயலில் அமைந்த அக்கட்டடத்தை நாம் கலைச்சின்னமாக அல்ல, கல்லறையாகவே காண வேண்டும்.

எனினும் இதே கடலோரக் கட்டடத்தொகுதி இன்னொரு கதையையும் கூறுகின்றது. 1980 ஒக்ரோபர் 19இல் அமெரிக்க உல்லாசப் பயண முகவர்களின் மாநாட்டிலே, மார்க்கோஸ் உரையாற்றிய சிறிது நேரத்தில் குண்டு வெடித்து, மாநாடு கைவிடப்பட்டது. 1986 பெப்ரவரி 9இல் அதே மண்டபத்திலே தேர்தல் வாக்குகளைக் கணனியிற் பதிந்துகொண்டிருந்த முப்பதுக்கு மேற்பட்ட பணியாளர், எண்கள் திரிக்கப்படுவதைக் கண்டு இருக்கை விட்டெழுந்து வெளியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். முன்னைய குண்டைவிட இவ்வமைதியான வெளிநடப்பே ஆட்சியை அதிகம் ஆட்டங்காணச் செய்தது. ஒரு வாரத்தின் பின் லூனெற்றாவிற் பெருந்திரளானோர் கூடினர். அம்மாத முடிவுக்குள் மார்க்கோஸ் நாட்டை விட்டோடினார்.

6

சர்வாதிகாரம் வீழ்ந்தது; ஆனால் நிலத்தின் மீதான வர்க்க உறவு வீழவில்லை. பொறாக்கே தீவு இதற்குச் சான்று. 1978இல் மார்க்கோஸின் பிரகடனமொன்று அதனை உல்லாசப் பயண வலயமாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் ஹெக்ரெயர் பரப்புள்ள அத்தீவின் ஆதிக்குடிகளான ஆத்தி மக்களுக்கு 2011இற் கிடைத்த மூதாதையர் நிலவுறுதி 2.1 ஹெக்ரெயருக்கு மட்டுமே. அந்நிலவுரிமைக்காகக் குரல்கொடுத்த இளந்தலைவர் ஒருவர் 2013 பெப்ரவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 2018 ஏப்பிரலில் கடல் மாசுற்றதெனக் கூறித் தீவு ஆறு மாதம் மூடப்பட்டபோது, மாசுபடுத்திய மூலதனத்திலும் பார்க்க நாட்கூலிகளே உடனடியாகப் பட்டினியை எதிர்நோக்கினர்.

2019 தென்கிழக்காசிய விளையாட்டு விழாவுக்காகக் காப்பாஸில் 20,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கு எழுந்தது. முன்னர் அமெரிக்கத் தளங்கள் பரவியிருந்த அப்பிரதேசம் அயெற்றா மக்களின் தொன்மையான வாழிடம். 1991இல் தளங்களை நீடிப்பதைச் செனற் சபை நிராகரித்தபோது, நிலம் தேசத்திடம் மீண்டதெனக் கொண்டாடப்பட்டது. ஆயின் அந்நிலம் அபிவிருத்தி அதிகாரசபையின் கைக்கே சென்றது. விழா நடைபெற்ற நாட்களை அண்டியே அயெற்றாக் குடும்பங்களுக்கு வெளியேறும் அறிவித்தல் வழங்கப்பட்டது.

பார்வையாளரின் நிலையும் எண்ணத்தக்கது. 2006 பெப்ரவரி 4இல் பசிக் நகர விளையாட்டரங்கின் வாயிலில், தொலைக்காட்சிப் பரிசு நிகழ்ச்சிக்கு இடம்பிடிக்கக் காத்திருந்த கூட்டம் நெரிபட்டு எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் கேளிக்கைக்காகக் கூடியோரல்லர். பரிசுப் பணத்தை நாடிக் கூடிய ஏழைகள். றிசால் கண்ட சேவற்களமும் மறைந்துவிடவில்லை. இணையவழிப் பந்தயமாகப் பெருகிய அது, முப்பதுக்கு மேற்பட்டோர் காணாமற்போன பின்னர், 2022 மே மாதத்திலே நிறுத்தப்பட்டது.

இவ்விருண்ட சித்திரத்தோடு நாம் முடிப்பது இயங்கியல் நோக்குக்கு ஒவ்வாது. 2016இல் றிசால் நினைவு விளையாட்டுத் தொகுதியை வணிக நிலையமாக்கும் யோசனை எழுந்தபொழுது, விளையாட்டு வீரரும் கட்டடக்கலைஞரும் பொதுமக்களும் எதிர்த்தனர். 2017இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாகியோவில் கரினோத் தீர்ப்பு வெளியான பெப்ரவரி 23 இபலோய் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பேர்ணாமின் பெயர்கொண்ட பூங்காவினுள்ளே இபலோய் மரபுரிமைத் தோட்டம் இடம்பெற்றுள்ளது. லூனெற்றா வெளியில் 2013 ஓகஸ்டிலும் 2025 செப்ரெம்பர் 21இலும் பொதுப்பணத்தைச் சூறையாடியோருக்கு எதிராகப் பெருந்திரளான மக்கள் கூடினர். பிந்திய நாள், இராணுவச் சட்டப் பிரகடனம் தாங்கும் திகதியின் நினைவு நாளாகும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. மைதானம் காப்பாற்றப்பட்டது, லூனெற்றா மக்களிடம் உள்ளது, ஆனால் ஆத்தியரும் அயெற்றாக்களும் இன்னும் தமது நிலத்துக்காக வாதாடிக்கொண்டிருக்கின்றனர். நகரத்து மத்திய வர்க்கம் நேசிக்கும் இடங்கள் பாதுகாக்கப்படுவதும், மலையிலும் தீவிலும் வாழ்வோரின் இடங்கள் கைவிடப்படுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. மரபுரிமை பற்றிய அக்கறை கட்டடங்களோடு நின்று, அவற்றின் அடியிலுள்ள நிலத்தையும் அவற்றைக் கட்டிய கைகளையும் எட்டாதவரை, அது பாதி நியாயமாகவே இருக்கும். பாகும்பாயானிலே கொலைக்களத்தைத் தேசத்தின் களமாக்கிய மக்கள், எஞ்சிய பாதியையும் ஒருநாள் கேட்பர். அக்கேள்விக்கு வேண்டிய சான்றுகளை ஒழுங்குபடுத்தி வைப்பது வரலாறெழுதுவோரின் கடமையாகும்.